வீட்டுக்குப் போயி குடிச்சிக்கிறேன்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "எதுக்கு சார் அதெல்லாம், உங்களுக்கு வேற வேல இல்லியா?" என்று போன் செய்வார். வேறு வேலை இல்லைதான். அதை இன்னொருவர் வாயால் கேட்க வேண்டாம் என்று பார்க்கிறேன். 'மேடம்' என்றே இருக்கட்டும். அலுவலகத்திலும் அவரை நாங்கள் அப்படித்தான் அழைத்தோம்.

கடலூரில் குடியிருந்துகொண்டு சிதம்பரத்தில் வேலை பார்க்கிற கூட்டம் ஒன்று உண்டு. பாதி ஆயுளைப் பஸ்ஸில் கழித்துவிட்டு, மீதிப் பாதியில் பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்கள். நான் திருப்பாதிரிப்புலியூரில் ஏறுவேன். மேடம் முதுநகரில் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்காருவார். அந்தச் சாலையை அகலப்படுத்தினார்கள், அகலப்படுத்துகிறார்கள், அகலப்படுத்துவார்கள். முக்காலத்துக்கும் ஒரே தூசி. அந்தத் தூசியில் யார் இருமினாலும், முன் சீட்டிலிருந்து சிவப்பு மூடி போட்ட ஒரு பெரிய பாட்டில் கிளம்பும். செம்மங்குப்பத்தில் ஆலை ஷிப்ட் முடிந்து ஏறுகிறவர்கள் குடிப்பார்கள். வாந்தி வருகிறது என்ற குழந்தைகள் குடிக்கும். நான் தினமும் குடிப்பேன். எனக்கு ஒரு சுபாவம். என் வீட்டுத் தண்ணீருக்குத் தாகம் எடுக்காது, அடுத்தவர் பாட்டிலைக் கண்டால் தொண்டை தானாக வறண்டுவிடும்.

"நீங்க குடிக்கலியா மேடம்?"

"இருக்கட்டும் சார். வீட்டுக்குப் போயி குடிச்சிக்கிறேன்."

காலையில் கேட்டாலும் இதுதான் பதில், மதியம் சாப்பாட்டு வேளையில் கேட்டாலும் இதுதான். அவருக்கு வடலூர்ப் பக்கம் சொந்தம். அதனால் ஏதோ சன்மார்க்க விரதம் போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். புத்தகம் படிக்கிறவனுக்கு வருகிற வியாதி இது. எதைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்துவிடுவான், காரணம் என்னவென்று கேட்க மாட்டான்.

அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே மதம். ஒரு சாயங்காலம் திரும்பி வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூடைக்கார அம்மாள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். முதுநகர் வந்தது. மேடம் எழுந்திருக்கவில்லை.

"எறங்கலியா மேடம்?"

"ஸ்ஸ்... அசந்து தூங்குறாங்க சார். பாவம், எந்நேரத்துக்கு எழுந்திரிச்சாங்களோ."

கடைசி நிறுத்தம் வரை வந்து, அந்த அம்மாள் தானாக விழித்து வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கியபின், மேடம் வேறு பஸ் பிடித்து முதுநகருக்குத் திரும்பிப் போனார். காலில் அரிசி மூட்டையை வைத்தவனிடம் "பரவால்ல" என்றவர் அவர். அவர் செருப்பை மிதித்து வாரை அறுத்தது நான். என்னிடம் "ஸாரி" சொன்னதும் அவர்தான்.

இனி எங்கள் அலுவலகத்தின் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகம் மாடியில், கழிப்பறை கீழே கொல்லைப்புறத்தில். கீழ்க்கடைக்கு வருகிற வாடிக்கையாளர்கள் உபயோகித்துவிடுகிறார்கள் என்று அதற்குப் பூட்டுப் போட்டிருந்தது. சாவி தொலையக்கூடாது என்று யாரோ ஒரு முன்னோர், முழ நீளத்துக்கு ஒரு தேக்குக் கட்டையில் அதைக் கட்டிவிட்டார். கட்டை மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். தேவைப்படுகிறவர், மேனேஜர் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் உள்ளே போய், அவர் தலைக்கு மேல் கையை நீட்டி, கட்டையை எடுத்து, வாடிக்கையாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெஞ்சைத் தாண்டி, செங்கோல் பிடித்த மன்னரைப் போல் கீழே இறங்க வேண்டும். திரும்பி வரும்போதும் அதே ஊர்வலம்.

எங்களுக்கு இதனால் கஷ்டமில்லை. ஆண்களுக்கு ஆண்டவன் சுவர்களைப் படைத்திருக்கிறான். அலுவலகத்தில் இருந்த ஒரே பெண் மேடம். அவர் கையில் அந்தக் கட்டையை நான் பார்த்ததே இல்லை. பார்த்ததில்லை என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

தெரியவைத்தது என் மனைவி. சக ஊழியர் வீட்டுக் கல்யாணம் ஒன்று வடலூரில் நடந்தது. பந்தியில் என் மனைவியும் மேடமும் பக்கத்துப் பக்கத்து இலை. ரசம், பாயசம், மோர் எதையும் மேடம் தொடவில்லை. இவள் விடாமல் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து புடவையைக்கூட மாற்றாமல் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக்கா ஏன் தண்ணி குடிக்கிறதில்லன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஏதோ விரதம்."

"விரதமாம் விரதம்! குடிச்சா போவணும். போவணும்னா அந்தக் கட்டையத் தூக்கணும். அதுக்குப் பயந்துகிட்டு காலையில ஒரு வாய் காபியோட சரி, சாயங்காலம் வீட்டுக்குப் போயிதான் தண்ணி குடிக்கிறாங்களாம். கடலூர்லேருந்து சிதம்பரம் வரைக்கும் எந்தெந்த பெட்ரோல் பங்க்ல கதவு தாப்பா சரியா இருக்குன்னு வரிசையா சொல்றாங்க. இத்தன வருஷமா முன்னாடி சீட்டு பின்னாடி சீட்டு. இது தெரியாது, ஊர் ஒலகமெல்லாம் தெரியும்."

மறுநாள் இதை நான் மேனேஜரிடம் பேசியிருக்கலாம். எப்படிப் பேசுவது என்று யோசித்தேன். யோசிப்பதில் எனக்குப் பல வருட அனுபவம் உண்டு.

அந்த மழைக்காலத்தில் வைரஸ் காய்ச்சல் ஊரையே சுற்றியது. அலுவலகத்தில் ஒவ்வொருவராக விழுந்து, கசாயம் குடித்து எழுந்தோம். மேடத்துக்கும் வந்தது. லீவு போட்டால் அவர் வேலை எங்கள் தலையில் விழும் என்று காய்ச்சலோடே வந்தார். உடம்பு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி, அதையும் ஒரு மடக்குத் தண்ணீரில் சிக்கனமாக விழுங்கினார். காய்ச்சல் விட்டது, வலி விடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்ன மேடம்?"

"தொடையெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு சார். தூக்கி வைக்க வரமாட்டேங்குது. நீங்க போங்க, நேரமாயிடும்."

வைரல் என்றால் அப்படித்தான் என்றோம். எங்களுக்கும் வலித்ததே, நாங்கள் நடக்கவில்லையா?

மறுநாள் அவர் வரவில்லை. என் மனைவிக்கு மட்டும் போன் செய்து, குரலைத் தணித்துக்கொண்டு, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்று சொல்லியிருக்கிறார். என் மனைவி என்னிடம் சொன்னாள். நான் அலுவலகத்தில் சொன்னேன். அவ்வளவுதான், அன்று வேலை நடக்கவில்லை.

"காமாலைதான். வேற என்னா?" என்றார் மேனேஜர்.

காமாலை என்ற சொல்லைக் கேட்டுவிட்டால் எங்கள் மாவட்டத்துக்காரர் எவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். ஆளுக்கொரு ஊர், ஊருக்கொரு பச்சிலை. காஷியர் கீழாநெல்லி என்றார். பியூன், தன் மச்சானுக்குக் கையில் சூடு வைத்து இறங்கியது என்றார். கடைசியில் மேனேஜர் சொன்ன இடமே முடிவானது. புவனகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். விடியலில் வெறும் வயிற்றில் போக வேண்டும், மருந்துக்குப் பிறகு உப்பில்லாப் பத்தியம். மேனேஜரே தன் காரை அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். மேனேஜர் கார் அனுப்புகிறேன் என்றபின் வேண்டாம் என்று சொல்வது அவருக்குச் சிரமம் கொடுப்பதாகும் அல்லவா? மேடம் போனார்.

நான் அன்று அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கண் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கண்ணு மஞ்சளா இல்லியே?" என்று மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"உள்காமாலை" என்றார். "அது வெளியில தெரியாது. ரொம்ப மோசமான டைப்பு."

வெளியில் தெரியாத ஒன்றை எதிர்த்து வாதாட முடியாது. பத்தியம் நடந்தது. சில நாளில் முகமும் காலும் வீங்கின. பிறகு கடுங்காப்பியும் நின்றது. சிறுநீரே இல்லை. அவர் கணவர் பேசத் தெரியாத மனிதர். ஒரு விடியற்காலை மேனேஜரையும் பச்சிலையையும் கேட்காமல், ஆட்டோவில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். எங்கள் கதையில் சொந்த புத்தியோடு நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

அலுவலகத்தின் சார்பில் பார்த்து வர என்னை அனுப்பினார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண், தூங்கி நாளான முகம். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கேளுங்க சார், எனக்குப் புரியல" என்றார்.

"காமாலை எப்படி இருக்குதும்மா?" என்று கேட்டேன்.

"காமாலையே இல்ல சார்" என்றார் டாக்டர். "வைரஸ் காய்ச்சல் கடுமையா வந்தா ரொம்ப அபூர்வமா சில பேருக்கு இப்படி ஆகும். தசைய ஒடச்சிடும். ஒடஞ்ச தசையிலேருந்து ஒரு செவப்புப் பொருள் ரத்தத்துல கலக்கும். அத கிட்னி வெளியேத்தணும். ஜாஸ்தியா வந்தா கிட்னியால முடியாது. அடச்சிகிட்டுப் பழுதாயிடும்."

"அப்ப அந்தக் கடுங்காப்பி?"

"தசை சார். அவுங்க தொடத் தசைதான் கரைஞ்சி அப்படிப் போயிருக்கு."

கணவர் என் கையை விட்டுவிட்டார்.

டாக்டர் அவரிடம் திரும்பினார். "வலி மாத்திரை ஏதாவது போட்டாங்களா?"

"மெடிக்கல்ல வாங்கிப் போட்டா."

"அதுவும் கிட்னிக்கு ஆகாது. தண்ணி எவ்வளவு குடிப்பாங்க?"

"வீட்டுல குடிப்பாம்மா."

"வேலைக்குப் போற நாள்ல?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் கை கால் முளைத்த இரண்டு கிட்னிகள், ஆளுக்கொரு டம்ளர் தண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தன.

"ஒரு காரணத்த மட்டும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "காய்ச்சல், மாத்திரை, ஒடம்புல தண்ணி இல்லாதது, லேட்டா வந்தது, எல்லாம் சேந்துகிச்சி. டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கோம். முக்காவாசிப் பேருக்குக் கிட்னி திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சிடும். சில பேருக்குச் செய்யாமலும் போகலாம். யூரின் எறங்கணும் சார். அதுக்குத்தான் எல்லாரும் காத்துகிட்டிருக்கோம்."

உள்ளே போனேன். முகம் ஊதி வேறு யாரோ போல் படுத்திருந்தார். உதடுகள் வெடித்திருந்தன. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

"சார், தண்ணி."

அவர் தனக்காக எதையும் கேட்டு நான் கேட்டதில்லை. மேஜையில் அதே சிவப்பு மூடி பாட்டில் இருந்தது. பாய்ந்து எடுத்தேன்.

"குடுக்காதீங்க!" நர்ஸ் அங்கிருந்தே கத்தினார். "இன்னிக்கு அளவு முடிஞ்சிடுச்சி. போற வழி அடச்சிகிட்டிருக்கு, உள்ள ஊத்துனா நெஞ்சில கட்டிக்கும்."

நர்ஸ் வந்து பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினார். மேடம் அதைச் சப்பிப் பார்த்தார். பிறகு அவரிடம், "பரவால்ல சிஸ்டர். நீங்க வேலையப் பாருங்க" என்றார்.

நான் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியில் வந்து, வராந்தாவில் நின்று, அதைத் திரும்ப வைக்கவும் தெரியாமல், அதிலிருந்து குடிக்கவும் முடியாமல், வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு வந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் அசதியாக இருக்கிறது. டயாலிசிஸ், மறுபடி டயாலிசிஸ். உலகத்திலேயே எந்த ஒரு விஷயத்தை யார் காதிலும் விழாமல் மறைத்து வைத்தாரோ, அந்த ஒன்றைப் பற்றியே ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது. காலையில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும்போதே, "என்னா சார், மேடத்துக்கு வந்துச்சா?" என்பார். செம்மங்குப்பத்தில் ஏறுகிறவர்கள், "இன்னும் வரலியாமா?" என்பார்கள். அலுவலகத்தில் மேனேஜர் தனக்குப் பின்னால் தொங்கும் கட்டையைத் திரும்பிப் பார்க்காமலே, "வந்துச்சாய்யா?" என்பார். வரவில்லை. என் மனைவி சாமிக்கு வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டுதல் என்று பூசாரிக்கு எப்படி விளக்கினாளோ, நான் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம், பெஞ்ச் நிறைய வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போது, என் போன் அடித்தது. மேடத்தின் கணவர். பேசத் தெரியாதவர் அழுதுகொண்டே பேசினார்.

"சார்... ஒரு டம்ளர் அளவு."

நான் எழுந்து நின்று, "வந்துடுச்சி!" என்றேன்.

மேனேஜர் அறையிலிருந்து ஓடிவந்தார். "எவ்வளவு?"

"ஒரு டம்ளர்!"

காஷியர் கையைத் தட்டினார். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், "கொழந்தையா?" என்று கேட்டார். பியூன் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். பெரியவர் ஒன்றும் புரியாமல், ஆனால் மரியாதையாக, "நல்லா இருக்கட்டும்" என்றார்.

வெகுநாள் கழித்து மேடம் வேலைக்குத் திரும்பினார். ஆள் பாதியாகியிருந்தார். கிட்னி விழித்துக்கொண்டது. ஆனால் பழையபடி முழுசாக இல்லை, இனி பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், தண்ணீரை ஒழுங்காகக் குடிக்க வேண்டும், வலி மாத்திரையைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதையொட்டி எங்கள் அலுவலகமும் பெரிய சீர்திருத்தம் ஒன்று செய்தது. கட்டையை மேனேஜர் நாற்காலிக்குப் பின்னாலிருந்து எடுத்து, வாடிக்கையாளர் பெஞ்சுக்கு நேர் மேலே புது ஆணி அடித்து மாட்டியது. "இனிமே அவுங்க என் ரூமுக்குள்ள வரவேண்டியதில்ல பாரு" என்றார் மேனேஜர், பெருமையாக.

முதல் நாள் மேடம் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம்வரை பாட்டிலைத் திறக்கவில்லை. எல்லாம் மறுபடி முதலிலிருந்தா? சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டிலைத் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டு, கசாயம் குடிப்பவரைப் போல, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். சாயங்காலத்துக்குள் முக்கால் பாட்டில் காலி. கட்டை மட்டும் ஆணியிலேயே இருந்தது.

சாயங்கால பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். பி.முட்லூர் தாண்டியது. புதுச்சத்திரம் தாண்டியது. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு ஆண்பிள்ளை எழுந்து நின்று இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேடம் எழுந்து நின்றார்.

"கண்டக்டர், வண்டிய நிறுத்துங்க."

"இங்க ஸ்டாப்பிங் இல்ல மேடம். என்னா, எதுனா வுட்டுட்டீங்களா?"

"பாத்ரூம் போவணும்."

பஸ் முழுக்கக் கேட்டது. அவர் குரலுக்கு அவ்வளவு சத்தம் உண்டு என்பது அன்றுதான் தெரியும்.

"இதோ முதுநகர் வந்துடும் மேடம், கொஞ்சம்..."

"என் கிட்னி முதுநகர் வரைக்கும் வராது. அதோ வருது பாருங்க பெட்ரோல் பங்க், அங்க தாப்பா நல்லா இருக்கும். நிறுத்துங்க."

கண்டக்டர் விசிலை ஊதினார். பஸ் ஓரம் கட்டியது. மேடம் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக இறக்கி வைத்து இறங்கினார். பின்னாலிருந்து ஒருவர், "இன்னாப்பா இது, பஸ்ஸா காரா?" என்றார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு பீடியைத் தேடினார்.

அப்போது முன்பக்கத்தில் ஒரு பெண் எழுந்தார். யாரையும் பார்க்காமல் பையை சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு கூடைக்கார அம்மாள், "இரு, நானும் வரேன்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். பிறகு கல்லூரிப் பெண்கள் கூட்டமாக. கண்டக்டர் படியில் ஒதுங்கி நின்று வழிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸில் ஆண்கள் மட்டும் மிச்சமிருந்தோம். பஸ்ஸா காரா என்று கேட்டவர் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்க் பக்கம் ஒரு வரிசை நின்றது. வரிசையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

எல்லோரும் ஏறி, பஸ் கிளம்பியபின், மேடம் திரும்பி என் கையிலிருந்த பாட்டிலை வாங்கினார். ஸாரி என்று சொல்லவில்லை. மூடியைத் திறந்து அண்ணாந்து குடித்தார். ஆலப்பாக்கத்துத் தூசி உள்ளே வந்தது. நான் இருமினேன். பழக்க தோஷத்தில் கையையும் நீட்டினேன்.

பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று மேடம் ஆட்டிப் பார்த்தார். மூடியைத் திருகி, பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க வீட்டுக்குப் போயி குடிச்சிக்கங்க சார்."